சராசரியாக ஒரு நாள்

ரகுநந்தனின் படத்தில் கதாநாயகன் கிடையாது, கதை கிடையாது, கேமராகூடக் கிடையாது. இவ்வளவும் இல்லாமல் என்ன இழவைப் படமாக எடுக்கப்போகிறார் என்றுதான் எஸ்தர் முதலில் நினைத்தாள். பிறகு அவளே அதில் எடிட்டராகச் சேர்ந்து, ஒன்றரை வருடமாக அதே இழவில் கிடந்தாள்.

வடசென்னையில், குடியிருப்பு வாரியத்தின் பழைய பிளாக்குகளுக்கு நடுவே ஒரு தெரு. அதன் விளக்குக் கம்பங்களில் சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். அவை படம் பிடிக்காது. எது நகர்கிறது, எப்படி நகர்கிறது என்பதை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். கைரேகை மாதிரி நடையிலும் ஆளுக்கு ஆள் ஒரு முத்திரை இருக்கிறதாம். சம்மதம் கொடுத்தவர்களின் முகத்தைத் தனியாக ஒரு முறை பதிந்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்துத் தொகுப்பான் என்கிற மென்பொருள் அத்தனை நாள்களையும் பிசைந்து ஒரே ஒரு நாளாக உருட்டித் தரும். மாநகரத்தின் ஒரு சராசரி நாள். அதுதான் படம், மொத்தமே இருபது நிமிடம்.

சம்மதம் வாங்கத் தெருவில் கூட்டம் போட்ட அன்றைக்கு முதல் கேள்வி கேட்டது தனபாக்கியம். அந்தத் தெருவில் எதற்கும் முதல் கேள்வி அவளுடையதுதான்.

"அப்போ நாங்க நடிக்க வாணாமா?"

"வேணாங்க்கா. நீங்க பாட்டுக்கு இருங்க. வருஷம் பூரா நீங்க பண்றதுல எது பாதி நாளுக்கு மேல நடக்குதோ அது மட்டும் படத்துல வரும்" என்றாள் எஸ்தர்.

"கல்யாணம், சாவு?"

"வராது."

"சண்ட?"

"தினமும் போட்டா வரும்."

"அப்போ நான் வந்துடுவேன்" என்றாள் தனபாக்கியம். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

முதல் சில மாதங்களின் சோதனை ஓட்டத்தில் தொகுப்பான் தண்ணீர் லாரியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. லாரி வருவதற்கு வெகுநேரம் முன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும், ஆள்கள் வரமாட்டார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடத்தை வைத்துவிட்டு அதன் சொந்தக்காரி உலை வைப்பாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், இன்னொரு தூக்கமே போட்டுவிட்டும் வருவாள். அடுத்தவள் குடத்தை யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் அன்றைக்குத் தெரு நாறிவிடும். இதெல்லாம் மென்பொருள் எழுதிய பையன்களுக்கு எங்கே தெரியும்? தொகுப்பான் அந்தக் குடங்களைக் குப்பை என்று துடைத்துத் துடைத்துப் போட்டது. லாரி வந்ததும் திரையில் பெண்கள் ஆகாயத்திலிருந்து குதித்தார்கள். எஸ்தர்தான் ஒரே வரியில் தீர்த்துவைத்தாள்: குடம் நின்றால் அதற்கு உரியவள் நிற்பதாக எடுத்துக்கொள். காட்சி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ரகுநந்தன் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிச் சிலாகித்தார். எஸ்தருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

படம் முடிந்ததும், வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும் முன்பு தெருவுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிளாக்கை ஒட்டிய சமூகக்கூடத்தில். டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவாமலே கழுவியதுபோல் ஒரு ஆட்டு ஆட்டி வைக்கும் காட்சி வந்ததும் விசில் பறந்தது. "யோவ், நாளைலேர்ந்து வூட்லயே டீ குடிச்சிக்கிறோம்யா!" அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்துத் தண்ணீர் லாரி வந்தது. தனபாக்கியம் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே குழாயைப் பிடுங்கினாள். அவளுக்குப் பின்னால், பச்சைக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி ஒருத்தி நடந்தாள்.

கூடத்தில் சிரிப்பு பொட்டென்று நின்றது.

"நிறுத்து. அத்த நிறுத்து" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். பெயர் மதியழகன், கம்பெனி ஆள்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவன். "அது என் பொண்டாட்டி கோமளா. அவ ஓடிப் போயி ஒம்பது மாசம் ஆவுது. இங்க எப்புடி தண்ணி புடிச்சிக்கினு கீறா?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "ஐயோ, மெஷின்லேர்ந்து பொக வருது" என்று சொல்லிக்கொண்டே தனபாக்கியம் போய்ப் புரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். புகை எதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் மதியழகன் கோடம்பாக்கம் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். சத்தம் போடுவான் என்று எஸ்தர் எதிர்பார்த்திருந்தாள். அவனோ செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, நாற்காலி நுனியில் பவ்வியமாக உட்கார்ந்தான்.

"மேடம், கோச்சுக்காதீங்க. நான் விடிகாலைல வண்டி எடுத்துக்கினு போய்டுவேன். பொண்ணு மட்டும்தான் வூட்ல இருக்கும், ரெண்டாவது படிக்கிது. நான் போனப்பறம் அவ வர்றாளா? அத்த மட்டும் சொல்லுங்க."

எஸ்தர் குடத்து விஷயத்தைப் பொறுமையாக விளக்கினாள். "அது கோமளா இல்லீங்க, கோமளாவோட குடம். உங்க வீட்டு முறை போயிடக்கூடாதுன்னு பக்கத்துல யாரோ வச்சிருப்பாங்க. நாங்க அத ஆளா எடுத்துக்கிட்டோம். தப்பு எங்களோடது."

"தப்புன்னு காட்டுங்க மேடம். நான் நம்புறேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை திருத்திப் போட்டுக் காட்றோம்."

"சரி. காட்டலன்னா லீவு போட்டுட்டு நானே கொடத்தாண்ட போயி நின்னுக்கிறேன்." எழுந்து கையைக் கூப்பினான். "கைல கெடச்சா பேசிக்கினுலாம் இருக்க மாட்டேன் மேடம். போன வாட்டி கால்தான் போச்சு."

கால் எப்படிப் போயிருக்கும் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

ரகுநந்தனிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எவ்வளவு அழகான பிழை எஸ்தர்! இல்லாத ஒருத்திய ஒரு தெருவே சேர்ந்து வரிசைல நிக்க வைக்குது. அப்படியே இருக்கட்டும்."

"அந்த ஆளு அவள அடிச்சே கொன்னுடுவான் ரகு."

"அது போலீஸ் பாக்க வேண்டியது. நாம பாக்குறோம், காட்டுறோம், அவ்வளவுதான். தலையிடக்கூடாது." அவர் கெட்டவர் அல்ல. எதையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்துப் பழகியவர்.

எஸ்தர் தன் மேசைக்குப் போனாள். குடத்து விதியைத் தூக்கிவிட்டுத் தொகுப்பானை மறுபடி ஓடவிட்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியும் தான் நிஜமாகவே நடந்துவந்த நேரத்துக்கு மட்டும் தெருவில் தெரிந்தார்கள். கோமளா மறைந்துபோவாள் என்று காத்திருந்தாள். கோமளா மறையவில்லை. இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாள், குடத்தை எடுத்தாள், வீட்டுக்குள் போனாள்.

எஸ்தர் மூலப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். குடத்தைத் தூக்கிய நடை அக்கம்பக்கத்தாருடையது அல்ல, கோமளாவுடையதேதான். ஓடிப்போன பிறகும், வேன் தெருமுனை திரும்பியதும், அநேகமாக எல்லாக் காலையும் அவள் வந்திருக்கிறாள். படத்தின் கடைசிக் காட்சி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்து சிறுமிக்குச் சடை பின்னுகிற காட்சி. எஸ்தருக்குப் பிடித்துப்போய் அவளே கடைசியில் வைத்தது. தனபாக்கியம் ஒயரைப் பிடுங்கியிராவிட்டால் மதியழகன் அதையும் பார்த்திருப்பான்.

இயந்திரம் தப்பே செய்யவில்லை. அதைத் தப்பு என்று நிரூபிப்பதாக இவள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த நாள் விடியும்போதே எஸ்தர் குடங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னா மேடம், காலங்காத்தால?" தனபாக்கியம் கையில் பல்பொடியோடு வந்தாள்.

"கோமளாவப் பாக்கணும்க்கா."

"எந்தக் கோமளா?"

"அக்கா, மெஷினுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அந்த ஆளுக்கும் தெரியும். நான் காட்டிக்குடுக்க வரல."

தனபாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தெருவோரம் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். பச்சைக் கோட்டு, மாஸ்க், கையில் துடைப்பம். பக்கத்தில் வந்தபோது இடது கால் இழுத்தது.

"கோட்டு என் தங்கச்சிது" என்றாள் தனபாக்கியம். "பெருக்குறவ மூஞ்சிய எவன் பாக்குறான்?"

மூவரும் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினார்கள். கோமளா மாஸ்க்கை இறக்கினாள். எஸ்தர் பதிந்து வைத்திருந்த முகத்தைவிட ரொம்ப இளைத்திருந்தாள்.

"பொண்ண கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றாள் எஸ்தர்.

"எக்ஸ்போர்ட் கம்பெனில வேல, லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிக்கினு கீறேன். அங்க பசங்கள சேக்க மாட்டாங்க. உட்டுட்டுப் போனா மனசு கேக்கல மேடம். அதான் அவன் வண்டி திரும்புனதும் வர்றேன். தண்ணி ஊத்தறேன், ஓவியாவுக்குத் தல பின்னறேன், இஸ்கூலுக்கு அனுப்பிட்டு ஷிப்டுக்கு ஓடிடறேன். ஒரு வூடு புடிச்சிட்டா கோர்ட்டுல போட்டு இட்டுக்கினு போய்டுவேன்."

"அவரு இதுவரைக்கும் கண்டுபிடிக்கலையா?"

"தனம் அக்காதான் பின்னி உடறாங்கன்னு நெனைக்கிறான். பாப்பா கெட்டி, வாயத் தொறக்காது."

எஸ்தர் விஷயத்தைச் சொன்னாள். "ஒரே வழிதான் இருக்கு. நீங்க குடுத்த சம்மதத்த வாபஸ் வாங்கிட்டா, உங்க முகம், நடை, வருஷம் பூரா வந்துபோனது, முன்னாடி போட்டுக் காட்டின படம் எல்லாத்தையும் அழிச்சாகணும். சட்டம் அப்படி. அதுக்கப்புறம் யார் தலைகீழா நின்னாலும் எடுக்க முடியாது. நீங்க அந்தப் படத்துல எந்த மூலையிலயும் இருக்க மாட்டீங்க."

கோமளா துடைப்பத்தின் குச்சிகளைத் தட்டிச் சமன்படுத்தினாள்.

"இலவசமா கேஸ் நடத்துற வக்கீலம்மா ஒண்ணு சொன்னாங்க. கொழந்தைய உட்டுட்டு ஓடுனவன்னு அவன் சொல்லுவான், நீ தெனமும் வந்து பாத்தேன்றதுக்கு எதுனா சாட்சி வச்சிக்கோன்னாங்க. நீங்க சொல்றதப் பாத்தா, அதுக்கு உங்க பொட்டிதான் சாட்சி. இல்ல?"

"ஆமா" என்றாள் எஸ்தர். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நாங்க சொல்ல மாட்டோமாடி?" என்றாள் தனபாக்கியம்.

"என்னக் காணும்னு அவன் கம்ப்ளெய்ன்ட் குடுத்தப்போ நீங்கல்லாம் ஸ்டேஷன்ல இன்னா சொன்னீங்க? அவ இந்தப் பக்கம் தலவச்சே படுக்கலன்னு அத்தினி பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே. இனிமே வந்து மாத்திச் சொன்னா எவன் நம்புவான்?" கோமளா மாஸ்க்கை மறுபடி மேலே இழுத்தாள். "அழிச்சிடுங்க மேடம். சாட்சிய வச்சிக்கினு நான் செத்துப் போனா அது ஆருக்கு?"

எஸ்தரின் போனில் கோமளாவே தன் வாயால் சொல்லிப் பதிந்தாள். பேர், வீட்டு எண், வாபஸ். அது போய்ச் சேர்ந்ததுமே தொகுப்பான் தானாக அழித்துவிடும். அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கோமளா ஒரு வருடத்திலிருந்து காணாமல் போயிருந்தாள்.

ஆனால் ஒருவரை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடவும் சட்டம் அனுமதிப்பதில்லை. ஓட்டையின் வடிவத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தொகுப்பான் அங்கே பொருத்தமான வேறொன்றை வைத்து நிரப்பியாக வேண்டும். வரிசையில் அவள் இடத்தில் தனபாக்கியத்தின் மருமகளை வைத்தது. வாசற்படிக்கு வந்ததும் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தது. ஒரே ஒரு பெரிய ஆள்தான் இருந்தான்.

திரையில் மதியழகன் படியில் உட்கார்ந்திருந்தான். மகளை முழங்காலுக்கு நடுவே இருத்தி, சிக்கெடுத்து, நடுவகிடு எடுத்து, ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு நிதானமாகச் சடை பின்னினான். கோமளாவின் விரல்கள் செய்த அத்தனையையும் அவன் விரல்கள் செய்தன. முடித்ததும் குனிந்து உச்சியில் ஒரு முத்தம்.

ரகுநந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எஸ்தர், இதுதான் படத்தோட உயிர். ஒரு வேன் டிரைவர், பொண்டாட்டி போயிட்டா, பொண்ணுக்குத் தல பின்றான். சென்னைல இத எவன் காட்டியிருக்கான்?"

"அந்த ஆளு சீப்பத் தொட்டிருப்பான்னுகூட எனக்குத் தோணல. இது பொய்."

"பொய்னு எப்படிச் சொல்றே? அந்தப் பொண்ணு தலைய யாரோ தினமும் பின்னியிருக்காங்க. நாம சராசரின்னுதானே சொல்றோம், சத்தியம்னு சொல்லலையே."

பின்னியது யார் என்று சொல்ல எஸ்தருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ரகுநந்தனுக்குத் தெரிந்தால் நாளைக்கே ஏதாவது பேட்டியில் கவிதையாகச் சொல்லிவைப்பார். அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. மதியழகன் இதைப் பார்த்தால் மறுபடி கேள்வி கேட்கமாட்டான். கோமளா உயிரோடு இருப்பாள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டது நிம்மதியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடம் நிறைந்தது. லாரிக் காட்சியில் கோமளா இல்லை. மதியழகன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகத் தேடிவிட்டுப் பின்னால் சாய்ந்தான். கடைசிக் காட்சி வந்தது. முதலில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு யாரோ கை தட்டினார்கள், பின்னாலேயே ஆண்கள் வரிசை முழுக்கத் தட்டியது. "டேய் மதி, இம்மாம் நல்லவனாடா நீ!"

அவன் வாயைப் பிளந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்ல அவனுக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான், அவ்வளவுதான். பெண்கள் பக்கம் ஒரு கையும் தட்டவில்லை. ஒரு வாயும் திறக்கவில்லை, திறந்தால் கோமளா வந்துபோவது வெளியே தெரிந்துவிடும். தனபாக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது மதியழகன் எஸ்தரிடம் வந்தான். "தேங்ஸ் மேடம்" என்றான். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் விழாக்களுக்குப் போனது, பரிசு வாங்கியது. செய்திச் சேனல் ஒன்று தெருவுக்கே வந்து மதியழகனைத் தேடிப் பிடித்தது. "பொம்பளப் புள்ளைய தனியா வளக்குறது லேசுல்லீங்க" என்று அவன் மைக்கில் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை வந்திருக்க வேண்டும், குரல் தழுதழுத்தது. அதே நிகழ்ச்சியில் ரகுநந்தனிடம், கடைசிக் காட்சி கற்பனையா என்று கேட்டார்கள். "எங்க தொகுப்பான் கதை கட்டாதுங்க. அவங்க வாழ்ந்ததத்தான் திருப்பிக் குடுக்குது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர் தலையாட்டினாள். காலையில் கோமளா தடையில்லாமல் வந்துபோய்க்கொண்டிருந்தாள், அந்தத் தைரியத்தில் ஆட்டியது.

கோமளாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு வீடு அமைந்தது. மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். நோட்டீஸ் வந்த அன்றைக்கே மதியழகன் ஓவியாவை அம்பத்தூரில் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு கோமளா மகளைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

அவன் வக்கீல் படத்தைப் போட்டுக் காட்டினார். தனபாக்கியமும் நான்கைந்து பெண்களும் சாட்சி சொல்ல வந்தார்கள். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்ததை எடுத்துக் காட்டியதும் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். எஸ்தர் தானாகவே போய்க் கூண்டில் ஏறினாள்.

"அந்தக் காட்சி நிரப்பப்பட்டது. அங்க இருந்தது கோமளாதான்."

"அப்படின்னு காட்ற பதிவு இருக்காம்மா?" என்று கேட்டார் அவன் வக்கீல்.

"அழிச்சுட்டோம். அவங்களே கேட்டுக்கிட்டதால."

"தினமும் வந்ததுக்கு இருந்த ஒரே ஆதாரத்த அந்தம்மாவே அழிக்கச் சொன்னாங்க. சரிதானே? அப்புறம், டிவில டைரக்டர் இது நிஜம்னு சொன்னப்போ தலையாட்டினது நீங்கதானே?"

எஸ்தரால் அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. இறங்கி வரும்போது கோமளாவை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

கடைசியில் குழந்தையைக் கேட்டுவிடலாம் என்று ஆலோசகரிடம் அனுப்பினார்கள். படத்தைப் பற்றி விளக்கவேண்டி வரலாம் என்று எஸ்தரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். இருவரும் வாய் திறக்கக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது என்று ஆலோசகர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தன்மையானவர்தான். மேசையில் ஒரு தட்டில் சாக்லெட்கூட வைத்திருந்தார்.

ஓவியாவை அத்தை கூட்டிவந்து விட்டாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கோமளாவின் கை தன்னையறியாமல் மேசைமேல் நகர்ந்து, மறுபடி மடிக்குப் போனது.

"ஓவியாக் கண்ணு, பயப்படாம சொல்லணும். அப்பா மட்டும்தான் உன்னப் பாத்துக்கிட்டாரா? அம்மா போனப்புறம் உன்னப் பாக்க எப்பவாவது வருவாங்களா?"

சிறுமி அப்பாவைப் பார்த்தாள். பிறகு, பல மாதம் கழித்துப் பார்க்கிற அம்மாவைப் பார்த்தாள். அப்பா இருக்கிற இடத்தில் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று கோமளா வாசற்படியில் உட்காரவைத்துப் பழக்கிய ஒரே பதில்தான் அவளிடம் இருந்தது. மாற்றிச் சொல்லலாம் என்று சொல்லிக்கொடுக்க அதன் பிறகு யாரையும் அவளிடம் விடவில்லை.

"வரவே மாட்டாங்க. ஒரு வாட்டிகூட வந்ததில்ல" என்றாள் ஓவியா, துளியும் தடுமாறாமல்.

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோமளா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.